ஈரலின் மேல் விழுந்த பழி

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மாசி மகத்துக்காக விருத்தாசலமே அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்த நேரம். பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. ஊரெல்லாம் கோவிலைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் எதிர்த்திசையில் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். வீட்டில் எங்கள் மாடு தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

ஒரு மாட்டுக்காகவா இவ்வளவு கோபம் என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். எல்லாரும் "பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த உச்சு வேண்டாம். நடந்தது நடந்தபடி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நான் வேலை செய்வது ஒரு பீங்கான் கம்பெனியில். ஃபியூஸ் கட்டை, சின்னச் சின்ன பொம்மைகள் எல்லாம் செய்கிறார்கள். என் வேலை களிமண் கூழ் கரைக்கிற இடத்தில். அந்தக் கூழை ஸ்லிப் என்போம். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அது ஒரு தொட்டியிலிருந்து வாய்க்கால் மாதிரி நீளமான ஒரு காடி வழியாக அடுத்த தொட்டிக்கு ஓடும். அந்தக் காடியில் வரிசையாகக் காந்தக் கட்டைகளைப் போட்டு வைத்திருப்பார்கள். மண்ணில் கலந்திருக்கிற இரும்புத் தூளை அவை பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சூளையில் வெந்து வரும்போது வெள்ளைப் பீங்கானில் கரும்புள்ளி விழுந்துவிடும். புள்ளி விழுந்த பொம்மையை யார் வாங்குவார்கள்? அதனால் காலையில் வந்ததும் நான் செய்கிற முதல் வேலை, அந்தக் காந்தங்களைத் தூக்கி, ஒட்டியிருக்கிற கறுப்பைத் துணியால் துடைத்துக் கழுவி வைப்பது. கண்ணுக்கே தெரியாத தூளுக்கு அவ்வளவு பாதுகாப்பு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்கிறேன்.

எங்கள் மாடு செவலை நிறம். அதற்கு ஒரு வினோதப் பழக்கம் இருந்தது. திட்டிக்கொண்டே கறந்தால்தான் பால் விடும். நான் வாய்க்காரி என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். கன்றுக்குட்டியாக இருந்ததிலிருந்தே என் வசவைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, நான் பேசாமல் உட்கார்ந்தால் காலை உதறும். "எருமைக்குப் பொறந்தவளே, நில்லுடி ஒழுங்கா" என்று ஆரம்பித்தால் அசை போட்டுக்கொண்டு சாதுவாக நிற்கும். ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் கறக்கப் போனார். மனிதர் நல்லபடியாகத் தடவிக்கொடுத்து, கொஞ்சிப் பேசி, கடைசியில் சொம்போடு எட்டி உதை வாங்கிக்கொண்டு வந்தார்.

தை மாதம் அது மூன்றாவது ஈற்றாக ஒரு கிடேரி போட்டது. கன்று நன்றாக இருந்தது. தாய்தான் அதற்குப் பிறகு சரியாகவே இல்லை.

முதலில் பால் குறைந்தது. பிறகு நடையில் ஒரு மாற்றம். வாசலிலிருந்து தெருவுக்கு இறங்குகிற சின்னச் சரிவில் இறங்கத் தயங்கும். முன்னங்கால்களைச் சற்று அகட்டி வைத்து, முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும். படுத்தால் எழும்போது முனகும். பிறகு தாடைக்குக் கீழே பொதபொதவென்று வீங்கியது. அங்கிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. விரலால் அழுத்தினால் மாவில் அழுத்தினது போலக் குழி விழுந்து அப்படியே இருந்தது.

எங்கள் பக்கம் மாட்டுக்குத் தாடை வீங்கினால் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். ஈரல் பூச்சி. ஏரிக்கரைப் புல்லைத் தின்கிற மாடுகளுக்கு அது வருவது உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் யோசிக்க ஒருவரும் தயாராக இல்லை. மருந்துக்கடைக்காரர் மாட்டைப் பார்க்காமலேயே பூச்சி மாத்திரையும் ஈரலுக்கு டானிக்கும் எடுத்து வைத்தார். பக்கத்து வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார்கள். மாட்டு ஆஸ்பத்திரிக்கு நான் ஆள் அனுப்பினேன். டாக்டரம்மா வேறு ஊருக்கு முகாம் போயிருப்பதாகவும் திரும்பியதும் வருவதாகவும் சொன்னார்கள். அதற்குள் டானிக்கும் கீழாநெல்லியும் மாற்றி மாற்றி ஊற்றியாயிற்று. செவலை குடித்தது, முனகியது, இன்னும் வீங்கியது.

நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஈரல் முத்திப்போச்சு, சூடு போட்டாதான் அடங்கும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அவர் சொன்னால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தேன் என்று சொன்னேனே, அது இதற்காகத்தான். பக்கத்து வீட்டுப் பெண் போன் போட்டுச் சொன்னாள், "யக்கா, அடுப்புல கம்பி காயுது, சீக்கிரம் வா."

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேர் மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சூடு போடுகிறவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பழுத்த கம்பியைத் துணி சுற்றிப் பிடித்திருந்தார். செவலை என் குரலைக் கேட்டதும் காதைத் திருப்பியது. பையைத் தூக்கி எறிந்துவிட்டு நேராகப் போய் மாட்டின் நெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"என்னாடி இது, ஆம்பளைங்க பேசி முடிவு பண்ணிட்டோமில்ல, தள்ளு" என்றார் வீட்டுக்காரர்.

"மொதல்ல எனக்குப் போடுங்க. நான் தாங்கிட்டா அப்புறம் மாட்டுக்குப் போடலாம்" என்றேன்.

அண்ணன்காரருக்கு முகம் சிவந்தது. "பொம்பள ராஜ்யமா இருக்குது இந்த வூட்டுல. மாடு செத்தா என்னைக் கேக்கக் கூடாது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

"கேக்க மாட்டேன் மாமா, போயிட்டு வாங்க" என்று நானும் மரியாதையாகவே அனுப்பி வைத்தேன்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். சின்ன வயசுதான். வண்டியை நிறுத்திவிட்டு உடனே கிட்டப் போகவில்லை. தூர நின்று மாடு நிற்கிற விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்தைத் தடவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கழுத்து ஓரத்தில் நரம்பு கயிறு திரித்தது போலத் தடித்துப் போய் மேலே ஏறியிருந்தது. இத்தனை பேர் பார்த்தோம், தாடையைத்தான் பார்த்தோம், இதை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு மூங்கில் கழி கேட்டார். மாட்டின் நெஞ்சுக்குக் கீழே குறுக்காக விட்டு, ஒருபுறம் என்னையும் மறுபுறம் என் வீட்டுக்காரரையும் பிடிக்கச் சொன்னார். மெதுவாக மேலே தூக்கி, சட்டென்று விட்டோம். செவலை ஒரு சத்தம் போட்டது. மாடு கத்துகிற சத்தம் இல்லை அது. மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுவது போல இருந்தது. என் வீட்டுக்காரர் கழியைக் கீழே போட்டுவிட்டார்.

"மாடு கம்பி ஏதாச்சும் முழுங்கியிருக்குமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எங்க மாடு எதுக்கும்மா கம்பி திங்கப் போவுது?" என்றேன் நான்.

மாடு நம்மைப் போல மென்று பார்த்து விழுங்குவதில்லை என்று அவர்தான் சொன்னார். வாய்க்குக் கிடைத்ததை உள்ளே தள்ளிவிட்டு அப்புறம்தான் அசை போடும். கம்பி, ஆணி மாதிரி கனமானவை முன்வயிற்றிலேயே தங்கிவிடும். அந்த வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் மெல்லிய ஒரு தடுப்புதான். கன்று போடும்போது மாடு முக்குகிற முக்கில், கம்பி இருந்தால் அப்படியே முன்னால் குத்திக்கொண்டு போய்விடும். இதயத்தைச் சுற்றியிருக்கிற பையில் சீழ் கட்டியிருக்கும் என்று சந்தேகப்பட்டார். அப்படி ஆகியிருந்தால் இந்த நிலையில் அறுவை சிகிச்சைக்கும் தாங்காது என்றார். முன்பே தெரிந்திருந்தால் ஒரு காந்தத்தை விழுங்க வைத்திருக்கலாமாம். அது வயிற்றிலேயே கிடந்து கம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

காந்தம். தினமும் காலையில் நான் கழுவுகிற சாமான். இதே இந்தக் கையால்.

அன்று சாயங்காலம் வலி குறைய ஊசி போட்டுவிட்டுப் போனார். நான் கறக்க உட்காரவில்லை, ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போலத் திட்டினேன். "கண்டதையும் தின்னுட்டு இப்ப முனகுறியா, நாக்கை அடக்கத் தெரியாதவளே." செவலை காதை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டது. மறுநாள் காலையில் கன்றை அவிழ்த்துவிடப் போனபோது அது கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. உயிர் போய்விட்டிருந்தது.

அழுகை வந்தது, அழுதேன். ஆனால் புதைக்க விடவில்லை. அறுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அவருக்கும் அதுதான் விருப்பம். எங்கள் கொல்லைக்குப் பின்னாலிருந்த மேட்டில் குழி வெட்டி, அதன் ஓரத்திலேயே வைத்து அறுத்தார். தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. "இதெல்லாம் பொம்பளைங்க பாக்கக் கூடாது" என்றார் ஒருவர். அறுக்கிறவரே பொம்பளைதான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வயிற்றைத் திறந்ததும் தண்ணீர் குடம் குடமாகக் கொட்டியது. பிறகு ஈரல் தெரிந்தது. எனக்கு ஆட்டு ஈரல் தெரியும், கத்தி போல ஓரம் மெல்லிசாக இருக்கும். இது ஓரமெல்லாம் உருண்டு, கருநீலமாகப் பருத்து, கத்தி பட்டதும் கறுத்த ரத்தத்தை ஊற்றியது. வெட்டின முகத்தைப் பார்த்தால் கொட்டைப்பாக்கை வெட்டினது போல, கறுப்பும் வெளுப்புமாக வரி வரியாக இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன். ஈரல்தான்" என்றார் அண்ணன்காரர். கோபித்துக்கொண்டு போனவர் சரியாக இந்த நேரத்துக்கு வந்து நின்றிருந்தார். கூட்டமும் ஆமாம் ஆமாம் என்றது. பாதிப் பேர் அப்போதே கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்குக் கதை முடிந்துவிட்டது.

டாக்டரம்மா நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். "யக்கா, ஈரலைப் பாத்து ஏமாந்துடாதீங்க. அது மேல தப்பே இல்ல."

கையுறையோடு சுட்டிக்காட்டிச் சொன்னார். "ஈரலுக்கு ரத்தம் ரெண்டு வழியா வருது. தின்ன சத்தையெல்லாம் ஏத்திக்கிட்டுக் குடல்லேருந்து ஒரு பெரிய குழாய். இதயத்துலேருந்து ஒரு சின்னக் குழாய். வர்றதுக்கு ரெண்டு வழி, ஆனா போறதுக்கு ஒரே வழிதான். அது நேரா நெஞ்சுக்குப் போவுது. அங்க நெஞ்சு வாங்கிக்கலன்னா ரத்தம் எங்க போவும்? இங்கயே தேங்கும். ஈரலுக்குள்ள எப்பவும் அழுத்தம் ரொம்பக் கம்மியா, வாய்க்கா தண்ணி மாதிரி நிதானமாதான் ஓடணும். அழுத்தம் ஏறிச்சுன்னா தண்ணியா கசியும். நீங்க பாத்தீங்களே, வயித்துல இருந்த தண்ணி, அது அப்படிக் கசிஞ்சதுதான். தாடை வீங்குனதும் கழுத்து நரம்பு பொடைச்சதும் அதே தேக்கந்தான்."

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் ஷெட்டில் ஃபில்டர் பிரஸ் என்று ஒரு மெஷின் உண்டு. கூழைப் பம்பால் அழுத்தி, துணி வழியாகத் தண்ணீரைப் பிரிக்கும். வெளியே போகிற வழி அடைத்துக்கொண்டால் மீட்டர் முள் ஏறும், துணி ஓரமெல்லாம் தண்ணீர் வியர்த்துக் கொட்டும். அப்போது நாங்கள் துணியைத் திட்டிக்கொண்டு நிற்க மாட்டோம். பம்பை நிறுத்திவிட்டு அடைப்பு எங்கே என்று தேடுவோம். மெஷின் விஷயத்தில் இருக்கிற அந்த அறிவு, உயிருள்ள மாடு விஷயத்தில் எங்களில் ஒருவருக்கும் இல்லாமல் போனது. வழி அடைத்துக் கிடந்த மாட்டின் தொண்டையில் டானிக்கை ஊற்றிக்கொண்டிருந்தோம்.

"இன்னும் ஒண்ணு" என்றார் அவர். "குடல்லேருந்து வர்ற ரத்தம் கொறஞ்சா, அந்தச் சின்னக் குழாய் தானா அகலமாயி ஈடு கட்டும். முடிஞ்ச மட்டும் சமாளிக்கும் இந்த ஈரல். எவ்வளவு நாளு தாங்கியிருக்குதோ, பாவம்."

பிறகு நெஞ்சைத் திறந்தார். நாற்றம் தாங்காமல் மிச்சக் கூட்டமும் விலகியது. இதயத்தைச் சுற்றிய பை தோல் போலத் தடித்து, உள்ளே சீழும் தண்ணீருமாக இருந்தது. கையை விட்டுத் துழாவியவர் நிறுத்தினார். மெதுவாக இழுத்தார். என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கம்பி.

கழுவித் தரச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். கறுத்துப் போயிருந்தது, ஆனால் முறுக்கு கலையவில்லை. இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கி, முனையைச் சரிவாகக் கத்தரித்திருந்தது. அந்த முறுக்கு எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனி பேக்கிங் ஷெட்டில் கட்டிங் பிளேயரால் ஒரு திருகு திருகி, மிச்சத்தைச் சரிவாக வெட்டி விடுகிற கட்டுக்கம்பி அது.

இங்கே வைக்கோல் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பீங்கான் உடையாமல் இருக்க வைக்கோல் வைத்துத்தான் கட்டுவார்கள். முன்பெல்லாம் சணல் கயிறு. கயிறு அறுந்து வழியில் சாமான் உடைகிறது என்று கட்டுக்கம்பிக்கு மாற்றினார்கள். வெட்டி விடுகிற துண்டெல்லாம் கீழே கொட்டிக் கிடக்கிற வைக்கோலில்தான் விழும். சாயங்காலம் அந்த வைக்கோலைக் கூட்டிக் குவித்து, மாடு வைத்திருக்கிற பெண்களுக்குக் கொடுப்பார்கள். கூட்டிப் போடுகிற கூலி கம்பெனிக்கு மிச்சம், எங்களுக்கு ஓசித் தீவனம். சூப்பர்வைசர் அதைப் பெரிய உபகாரமாகச் சொல்லிக்காட்டுவார். "உங்களுக்காகத்தான் ஓனர்கிட்ட பேசி வாங்கித் தர்றேன்" என்பார். நாங்களும் கும்பிடாத குறையாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவோம்.

மறுநாள் வேலைக்குப் போனேன். எனக்கு முன்னால் செய்தி போய்விட்டிருந்தது, எங்கள் ஊரிலிருந்து வருகிற ஒருத்தி சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் கம்பியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பேக்கிங் ஷெட்டுக்குப் போய் சூப்பர்வைசரிடம் காட்டினேன். வைக்கோலில் கம்பி கிடக்கிறது, இனிமேல் பொறுக்கிவிட்டுக் கொடுங்கள் அல்லது பழையபடி கயிற்றால் கட்டுங்கள் என்று, சத்தியமாக, பதவிசாகத்தான் கேட்டேன்.

அவர் கம்பியைக் கையில்கூட வாங்கவில்லை. "ஈரல் கெட்டுத்தான் செத்துச்சுன்னு உங்க ஊர்லயே சொல்றாங்க. அறுத்தப்ப நின்னவங்க அத்தினி பேரும் பாத்திருக்காங்க. மாட்டை ஒழுங்கா பாத்துக்க மாட்டாம, இங்க வந்து கம்பெனி மேல பழி போடுறியே? ஓசியில வாங்கித் தின்னுட்டு…"

அந்த "ஓசியில" என்ற சொல்லோடு என் பதவிசு முடிந்துபோனது.

ஈரல்! அந்த அப்பாவி ஈரலை எல்லாரும் எப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள். சூடு போட வந்தவர்களுக்கும் அதுதான் சாக்கு, டானிக் விற்றவருக்கும் அதுதான் சாக்கு, இப்போது இவருக்கும். கடைசிவரை தாங்கிப் பார்த்து வீங்கிப்போன ஒன்றுக்குக் கெட்டது என்று பட்டம் கட்டிவிட்டால், குத்தினவனை ஒருவரும் தேட மாட்டார்கள்.

திரும்பி நடந்தேன். அழப் போகிறேன் என்று நினைத்திருப்பார். நேராக என் இடத்துக்குப் போனேன். கூழ் ஓடாத நேரம்தான் அது. காடியிலிருந்து ஒரு காந்தக் கட்டையைத் தூக்கினேன். அதைத் தொட எனக்கு மட்டும்தான் அனுமதி, வேறு யார் தொட்டாலும் சத்தம் போடுவார்கள். வெள்ளைக் கூழ் சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி பேக்கிங் ஷெட்டுக்கு வந்தேன். பெண்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். சாயங்காலம் எடுத்துப்போக வேண்டிய வைக்கோல் குவியல் அங்கேயே இருந்தது. அதற்குள் காந்தத்தை விட்டு இரண்டு கையாலும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்தேன்.

தூக்கியபோது அது முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. கட்டை முழுக்கக் கம்பித் துண்டு. நீளமும் குட்டையுமாக, முறுக்கினதும் முறுக்காததுமாக, எல்லாம் சரிவாக வெட்டின முனையோடு நீட்டிக்கொண்டு நின்றன. கறவை மாடு இரண்டு வைத்திருக்கிற மங்கலம்பேட்டைக்கார அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "அல்லா, நேத்து சாயங்காலம்கூட ஒரு கட்டு எடுத்துட்டுப் போனேனே" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்று எல்லாரும் பார்த்தோம். நான் இந்த அனுபவத்தை எழுதுவதே அவர் அப்போது சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

"அறிவிருக்குதா உனக்கு? அந்த மேக்னட்டைக் கொண்டு போய் மொதல்ல கழுவி வை. கூழ்ல துரு கலந்து பீங்கான்ல புள்ளி வுழுந்தா யாரு பதில் சொல்றது?"

காந்தத்தை அவர் மேஜை மேல், ரசீதுகளுக்கு மேல், கம்பியும் கூழுமாக வைத்தேன். "நீங்களே கழுவுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்று சாயங்காலம் ஒரு பெண்கூட வைக்கோலைத் தொடவில்லை.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ஸ்லிப் வேலை தெரிந்த ஆள் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை, வேறு ஒரு காரணமும் இல்லை. கயிறு திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. இனி யாருக்கும் வைக்கோல் கிடையாது, எரித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். பின்பக்கம் புகை எழுந்தபோது, மாடு வைத்திருக்கிற பெண்களில் சிலர் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். "ஒன் மாடு செத்துச்சு, சரி. எங்களுக்கும் இல்லாம பண்ணிட்டியே" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். கோபம் வந்தது. அவள் மாடு உயிரோடு இருப்பதால்தான் அவளால் அப்படிப் பேச முடிந்தது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மங்கலம்பேட்டை அக்கா மட்டும் டாக்டரம்மாவிடம் போய்த் தன் மாடுகள் இரண்டுக்கும் காந்தம் விழுங்க வைத்துவிட்டு வந்தார். வரும்போது எனக்காகப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒலிபெருக்கியில் இருக்கிற வட்டக் காந்தம் ஒன்றை வாங்கிவந்து கையில் வைத்தார். அதில் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கின வைக்கோலானாலும், எங்கள் வயலில் விளைந்ததே ஆனாலும், அதை ஒருமுறை உள்ளே விட்டு இழுத்துப் பார்க்காமல் போடுவதில்லை. "மாட்டுக்கு ஆரத்தி எடுக்கிறா பாரு" என்று என் வீட்டுக்காரரே கிண்டல் செய்கிறார். செய்யட்டும். அவருடைய அண்ணன் இன்றைக்கும் டீக்கடையில், அது ஈரல் கெட்டுத்தான் செத்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செவலையின் கன்று வளர்ந்து இப்போது சினையாக இருக்கிறது. இதுவும் திட்டினால்தான் நிற்கிறது. வேலைக்குப் போனதும் வழக்கம்போலக் காந்தங்களைத் தூக்கித் துடைக்கிறேன். துணியில் ஒட்டுகிற அந்தக் கறுப்புத் தூளைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு பொம்மையின் கன்னத்தில் புள்ளி விழாமல் இருக்க இத்தனை காந்தம் வைத்தவர்களுக்கு, மூச்சு விடுகிற ஒரு ஜீவனின் நெஞ்சுக்காக ஒரே ஒரு காந்தம் வைக்கத் தோன்றவில்லையே என்று வயிறு எரிகிறது. அந்த எரிச்சல் தணியவே கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன்.